இருவருக்கு ஒரு கெட்ச்

படகு வாங்க ஒருவர் பட்டறை வாசலில் வந்து நின்றால் முதலில் என்ன கேட்பீர்கள்? புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் "எந்த மாதிரிப் படகு வேணும்?" என்றுதான் கேட்பீர்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் தயாராக வரும். வேகமான படகு, வெள்ளைப் படகு, நண்பர் வைத்திருப்பதைவிட ஒரு முழமாவது நீளமான படகு. ஆனால் எல்லாப் பதிலும் படகைப் பற்றியதாகவே இருக்கும். அதை ஓட்டப்போகிற மனிதரைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, நீரிணைக் கரையில் இருந்த அந்தப் பட்டறையில் என்னைச் சேர்த்துக்கொண்டது பேச்சுக்காக. முதலாளி சீனர். எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். பலகையைத் தட்டிப் பார்த்தே அது எந்த ஈரத்தில் வெட்டியது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஹொக்கியன் சீனமும் சந்தை மலாயும் தவிர வேறு எதுவும் வாயில் வராது. வாங்க வருகிறவர்களோ தோட்டத்துத் துரைகள், டாக்டர்கள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும். மாசாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் என்பதால் மலாயும் சரளம். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து மீனவர்களோடு சுற்றியதில் பாய் ஏற்றவும் இறக்கவும் பழகியிருந்தேன். பேச ஓர் ஆள், ஓட்டிக் காட்ட ஓர் ஆள் என்று வைக்க வேண்டியதை ஒரே சம்பளத்தில் முடித்துக்கொண்ட திருப்தி தவுக்கேவுக்குக் கடைசிவரை இருந்தது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்துத் துரை வந்து, இருப்பதிலேயே வேகமான படகைக் கேட்டார். கொடுத்தோம். அடுத்த வருஷம் அது எங்கள் துறைக்கே இழுத்து வரப்பட்டது. அடிப்பலகை முழுக்கச் சிப்பி, பாய் மடிப்பில் ஓர் எலிக் குடும்பம். அந்தப் படகை ஓட்ட அவரோடு இன்னும் மூன்று பேராவது வேண்டும். அவருக்கோ அந்தத் தோட்டத்தில் ஒரு நண்பர்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் என் முதல் கேள்வி மாறியது. "படகுல உங்களோட யார் வருவாங்க?"

அந்தக் கேள்வியால் தலைகீழாகிப்போன ஒரு விற்பனையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. துரைகள் பெட்டி கட்டிக்கொண்டு சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பட்டறையில் பாதித் தச்சர்களைத் தவுக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மீதிப் பேரை மீன்பிடிப் படகு ரிப்பேரை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். விற்பதற்கு எங்களிடம் இரண்டு பாய்ப்படகுகள்தான் இருந்தன. ஒன்று கட்டர். ஒரே பாய்மரம், அதில் கோயில் தேர்ச்சீலை மாதிரி ஒரு பெரிய பாய். வெள்ளை வர்ணம், கூரிய மூக்கு. தண்ணீரில் சும்மா நிற்கும்போதே எங்கோ அவசரமாகப் போவது போல் இருக்கும். இன்னொன்று கெட்ச். அதற்கு இரண்டு மரம். முன்னால் பெரிய மரம், பின்னால் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரம். மூக்கருகே முன்பாய், பெரிய மரத்தில் பெரிய பாய், சின்ன மரத்தில் பின்பாய் என்று பரப்பு மூன்றாகப் பிரிந்திருப்பதால் எந்தப் பாயும் ஓர் ஆள் கைக்கு மிஞ்சிப் போகாது. அகலமான வயிறு, பச்சை வர்ணம். செய்யச் சொன்ன துரை ஊருக்குப் போய்விட்டதால் அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே அது தூங்கிக்கொண்டிருந்தது. தவுக்கே அதை வாத்து என்றுதான் சொல்வார்.

அப்போதுதான் சபாபதி ஐயா வந்தார். நில அளவை இலாகாவில் வேலை. தலை நரைக்கும்வரை ஜொகூர் காடுகளில் சங்கிலி பிடித்து நடந்தவர். இன்னும் கொஞ்ச காலத்தில் ஓய்வு. அட்டைக் கடித் தழும்பு முழங்கால் வரை இருந்ததைக் காற்சட்டையைத் தூக்கிக் காட்டியே சொன்னார். இத்தனை வருஷம் இந்த மாநிலத்தை உள்ளே இருந்து பார்த்தாயிற்று, இனி வெளியே இருந்து, கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மெர்சிங், தீவுகள், முடிந்தால் அதற்கும் அப்பால். நல்ல நோக்கம். படகு வாங்க வந்தவர்களில் இப்படி ஒரு காரணத்தோடு வந்தவர் வேறு யாரும் எனக்கு நினைவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். மனைவி வருவார் என்றார். வேறு யாரும் இல்லை, பிள்ளைகள் இல்லை. சொல்லிக்கொண்டே அவர் கண் கட்டர் பக்கம் போய்விட்டது. கெட்சை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் தவுக்கே என்னைக் கூப்பிட்டு, அந்த மனிதர் எதைக் கேட்கிறாரோ அதைக் கொடு, வாயை அதிகம் திறக்காதே என்றார். கட்டர் போனால் தச்சர்களைத் திரும்பக் கூப்பிடலாம். வாத்து போனால் பாதிப் பேரைத்தான் கூப்பிட முடியும். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட தச்சர்களின் பெயர் எனக்கும் தெரியும், அவர்கள் பிள்ளைகளின் பெயரும் தெரியும். நம் தொழிலில் இப்படி இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற நாள் அடிக்கடி வரும். அதற்கு என்னிடம் ஒரே ஒரு வழிதான் உண்டு. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன், கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

கட்டரை ஓட்டிப் பார்க்க வந்த அன்று மனைவியும் வந்தார். பெயர் செண்பகம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நர்ஸ்களை அந்தக் காலத்தில் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம், அதனால் ஊருக்கே அவர் மிஸ்ஸி. குடையும் டிபன் கேரியருமாக ஏறி, ஓரமாக உட்கார்ந்தார். காற்று மெல்ல வீசியது. கட்டர் சறுக்கிக்கொண்டு போயிற்று. சபாபதி ஐயா சுக்கானைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது விற்பனை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

திரும்பி வரும்போது மிஸ்ஸி அண்ணாந்து அந்தப் பெரிய பாயைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இதை இறக்க எத்தனை பேர் வேணும் தம்பி?"

"நல்ல நாள்ல ரெண்டு பேர் போதும்மா."

"கெட்ட நாள்ல?"

"மூணு பேர். சுக்கானுக்கு ஒருத்தர், பாய்க்கு ரெண்டு பேர்."

"எங்க வீட்டுல இருக்கறதே ரெண்டு பேர்தான்" என்றார்.

ஐயாவின் முகம் வாடிவிட்டது. கரைக்கு வந்ததும், கெட்சை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். "என்னைக் கிழவன்னு முடிவு பண்ணிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். கோபம் இல்லை, வருத்தம்தான். அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. கெட்ச் மெதுவானது. எதிர்க்காற்றில் கட்டர் ஏறுகிற மாதிரி ஏறாது. இரண்டு மரம் என்றால் கயிறும் இரட்டிப்பு, வேலையும் இரட்டிப்பு. இதையெல்லாம் நானே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதாலோ என்னவோ, பேச்சை முடிப்பதற்காகவாவது ஒரு தடவை வருகிறேன் என்றார்.

அந்த ஒரு தடவையில்தான் சுமத்ரா வந்தது.

சுமத்ரா என்றால் உங்களுக்குத் தெரியும். தென்மேற்கிலிருந்து, பெரும்பாலும் காலை வேளையில், கறுப்பு வளைவாக ஒரு மேகம் எழும்பி வரும். வந்தால் அரை மணியோ முக்கால் மணியோ அடித்துத் தீர்த்துவிட்டுப் போய்விடும். அன்று விடியற்காலையில் ஐயா, மிஸ்ஸி, நான் மூன்று பேரும் இறங்கு நீரோடு புறப்பட்டோம். பாசிர் கூடாங் கரையைத் தாண்டும்போது சிங்கப்பூர்ப் பக்கத்து மேடுகளுக்குப் பின்னாலிருந்து அது தலையைத் தூக்கியது. மேடு மறைத்திருந்ததால் நாங்கள் பார்த்தபோது அது ஏற்கெனவே பாதி வானத்தைப் பிடித்திருந்தது. மூன்று பாயும் மேலே இருந்தன. சுக்கான் ஐயா கையில்.

காற்று எந்தப் பக்கம் எங்களைத் தள்ளுமோ அந்தப் பக்கம் ஜொகூர்க் கரை. கரையோரம் நெடுகக் கேலோங் என்கிற மீன்பொறிகள். கடலடியில் நட்ட நீளமான கழிகள், வரிசை வரிசையாக. மழை வந்துவிட்டால் பக்கத்தில் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது படகில் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கும்.

ஐயா கரையைக் காட்டினார். "அங்க ஒரு ஆத்துவாய் இருக்கு. நான் அளந்த எடம். உள்ள புகுந்துட்டா காத்தே படாது. அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்."

அவர் சொன்ன ஆறு அங்கே இருந்தது உண்மை. பிறகு வெளிச்சம் வந்தபோது அவர் விரல் நீட்டிய இடத்திலேயே அதன் வாயைப் பார்த்தேன். ஆனால் அவர் அளந்தபோது இல்லாத கழிகள் இப்போது அதன் முன்னால் நின்றன. வாழ்நாள் முழுக்கத் தரையில் நடந்தவருக்கு ஆபத்து என்றால் கால் தரையைத் தேடும். அது இயல்பு. கடலில் அதுவே தலைகீழ். பலகை உறுதியாக இருக்கும்வரை தண்ணீர் நம்மை ஒன்றும் செய்யாது. நம்மை உடைப்பது கரை. பெரிய பாயை இறக்கிவிட்டு, நீரிணையின் நடுவிலேயே நின்று அடியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தெரிந்தது போதாது. பாயை இறக்க நான் பெரிய மரத்துக்குப் போக வேண்டும். நான் போன நிமிஷத்தில், சுக்கான் கையிலிருக்கும் ஐயா படகைக் கரைப் பக்கம் திருப்பிவிடுவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. நிச்சயம் திருப்புவார். முழுப் பாயோடு திரும்பினால், எங்களை நிறுத்துவது கேலோங்கின் கழியாகத்தான் இருக்கும். சுக்கானைப் பிடுங்கலாம். பிடுங்கினால் பாயை யார் இறக்குவது? அதோடு, மனைவி பார்க்க ஒரு மனிதரின் கையிலிருந்து சுக்கானைப் பிடுங்கினால் அவர் தன்னை நம்பி இனி எந்தப் படகிலும் ஏற மாட்டார்.

யோசிக்க நேரம் அவ்வளவுதான் இருந்தது. முதல் குளிர்ந்த காற்று கழுத்தில் பட்டுவிட்டது.

"ஐயா, காத்து விழறதுக்குள்ள பெரிய பாயைத் தனியா என்னால இறக்க முடியாது. உங்க கை பலம் வேணும். முன்னாடி வாங்க. அம்மா, நீங்க சுக்கானைப் பிடிங்க."

பலம் வேண்டும் என்றதும் அவர் எழுந்துவிட்டார். மிஸ்ஸி குடையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து வந்தார். "எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதே தம்பி" என்றார், ஏதோ அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்வது போல.

"தெரிய வேண்டாம்மா. காத்து உங்க மூஞ்சில அடிக்கணும். காதுல அடிச்சா, மறுபடி மூஞ்சில அடிக்கிற வரைக்கும் இந்தப் பிடியைத் தள்ளுங்க. வேற எதையும் பாக்காதீங்க."

கவனியுங்கள். மிஸ்ஸிக்குத் திறமை இருந்தது என்று நான் சுக்கானைக் கொடுக்கவில்லை. அவர் அதுவரை ஒரு சுக்கானைத் தொட்டதில்லை. எங்கே போக வேண்டும் என்று அவருக்குச் சொந்தமாக ஓர் எண்ணம் இல்லை, சொன்னதைச் செய்கிற நிதானம் இருந்தது. அந்த நேரத்துக்கு அதுதான் தேவை. ஐயாவிடம் பலமும் இருந்தது, எண்ணமும் இருந்தது. பலத்தை மரத்தடியில் வைத்தேன். எண்ணத்தைச் சுக்கானிலிருந்து தள்ளி வைத்தேன். நெருக்கடியில் யார் கெட்டிக்காரர் என்று பார்க்காதீர்கள், யாரை எங்கே நிறுத்தலாம் என்று பாருங்கள்.

பின்பாயை இறுக்கிக் கட்டிவிட்டு முன்னால் ஓடினேன். கெட்சின் குணம் அப்போதுதான் தெரியும். பின்னால் இருக்கும் அந்தச் சின்னப் பாய், மூக்கணாங்கயிற்றில் பிடித்த மாடு போலப் படகைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்திவைக்கும். நாங்கள் இரண்டு பேரும் பெரிய பாயை இழுத்துப் போட்டு அதன் மேலேயே படுத்தோம். சுமத்ரா வந்து விழுந்தது.

மழை என்று சொல்ல முடியாது, யாரோ வானத்திலிருந்து குடத்தைக் கவிழ்த்த மாதிரி. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்து அப்படியே நின்றது. முன்பாயும் பின்பாயும் மட்டும் வைத்துக்கொண்டு, சந்தைக்குப் போகும் மாட்டுவண்டி போல நீரிணையின் நீளவாக்கில் மெதுவாக ஊர்ந்தது. மிஸ்ஸி மழையில் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கன்னத்தால் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடியைக் கொஞ்சம் தள்ளுவார், கொஞ்சம் இழுப்பார். ஒரு தடவை மழை லேசாக விலகியபோது இடதுபக்கம் தூரத்தில் கழிகள் வரிசையாகத் தெரிந்தன. ஐயா அவற்றைப் பார்த்தார். ஆற்றுவாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

காற்று ஓய்ந்ததும் வெயில் அடித்தது. டிபன் கேரியரில் எலுமிச்சைச் சோறும் நெத்திலிச் சம்பலும் இருந்தன. நனையாத பொருள் அந்தப் படகிலேயே அது ஒன்றுதான். மூன்று பேரும் ஒரே தூக்கிலிருந்து எடுத்துச் சாப்பிட்டோம்.

கெட்ச் விற்றுவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன்.

கரையில் இறங்கியதும் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு நன்றி சொன்னார். கட்டரும் வேண்டாம், கெட்சும் வேண்டாம் என்றார். "நான் தனி ஆளா இருந்தா வாங்கியிருப்பேன் தம்பி. பாயைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தப்ப திரும்பி அவளைப் பாத்தேன். தண்ணி அவ மேல ஏறி ஏறி இறங்குது. எனக்கு அது போதும்."

தவுக்கேவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு விற்பனையும் போச்சு என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெரிய பாய் கிழிந்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் காயப்போடு என்று சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அந்த வாரம் இன்னொரு தச்சரும் வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதை நான் மறக்கவில்லை.

சில நாள் கழித்து மிஸ்ஸி தனியாக வந்தார். வேலை முடிந்து நேராக, வெள்ளை உடுப்போடு. கெட்சின் பக்கத்தில் போய் நின்று அதன் வயிற்றுப் பலகையைத் தடவிப் பார்த்தார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்றார். ஐயாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன்.

"அவருக்குப் பயம், எனக்கு ஏதாவது ஆயிடும்னு. எனக்கும் ஒரு பயம் இருக்கு தம்பி. ரிட்டயர் ஆனவங்களை நான் வார்டுல பாக்கறேன். நேத்து வரைக்கும் மலையேறினவங்க. வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில உக்காருவாங்க. அப்புறம் எந்திரிக்கறதே இல்ல. அன்னைக்குக் கட்டர்ல அவர் சிரிச்சாரே, அந்தச் சிரிப்பை நான் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு."

சரி என்று சொல்லிவிடத்தான் நாக்கு வந்தது. ஆனால் புருஷனுக்குத் தெரியாமல் மனைவிக்குக் கடல் கற்றுக்கொடுத்தால், ஏதாவது நடந்துவிட்டால் ஒரு மாதிரி, நடக்காவிட்டாலும் ஒரு மாதிரி. நமக்கு வாடிக்கையாளர் அவர்களில் ஒருவர் இல்லை, அந்த இரண்டு பேரும் சேர்ந்துதான். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரோடு கூட்டுச் சேரக் கூடாது. மறைத்துச் செய்ய மாட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்குவதற்குள், ஐயாவையும் கூட்டி வாருங்கள், அவர் ஏற வேண்டாம், துறையில் உட்கார்ந்திருக்கட்டும், உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கும் நிம்மதி என்றேன்.

மிஸ்ஸி, "அவரைப் பத்திரிகை கொண்டு வரச் சொல்றேன்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மிஸ்ஸிக்கு விடுமுறை கிடைக்கிற நாளெல்லாம் இருவரும் வருவார்கள். நானும் மிஸ்ஸியும் கெட்சில் ஏறுவோம். ஐயா பலகைத்துறையின் முனையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து பத்திரிகையை விரித்துக்கொள்வார். முதலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அடுத்த முறை பக்கவாட்டில். அதற்கடுத்த முறை நேராக, ஆனால் பத்திரிகை முகத்துக்கு முன்னால். எங்கள் தச்சர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அலமாக், அடக் கடவுளே, பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அதை நம்பப் பிரியம், அதனால் போய்ச் சரிபார்க்கவில்லை.

மிஸ்ஸி தவறுகள் செய்தார். துறையில் ஒரு தடவை நன்றாகவே மோதினார். இரண்டு முறை சேற்றில் ஏறி, ஏற்றுநீர் வரும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் நான் உதவாமல் கையைக் கட்டிக்கொண்டிருக்கப் பழகினேன். கற்றுக்கொடுப்பதில் அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் படகைத் துறைக்குக் கொண்டு வரும்போது நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தது. மிஸ்ஸி பின்பாயை இறுக்க மறந்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. துறையிலிருந்து ஐயாவின் குரல் வந்தது.

"பின்னாடி பாயை இழுத்துக் கட்டும்மா. அப்பத்தான் நேரா நிக்கும்."

மிஸ்ஸி இழுத்தார். படகு நேராக வந்து ஒட்டியது. இறங்காமல் உட்கார்ந்தபடியே அவர் ஐயாவைப் பார்த்தார். "அங்கேர்ந்து சொன்னா எனக்குக் காது கேக்கல. ஏறி வந்து சொல்லுங்க."

ஐயா பத்திரிகையை மடித்துப் பெட்டி மேல் வைத்தார். அது பறக்காமலிருக்க ஒரு கல்லைத் தேடி வைத்தார். காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். இவ்வளவும் செய்ய ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு ஏறினார்.

கெட்ச் அந்த மாதமே விற்றது. ஒரு நாள் படகிலிருந்து இறங்கியதும் ஐயா நேராகத் தவுக்கேவிடம் போய்த் தன் வாயாலேயே மலாயில் பேசி முடித்தார். என்னை மொழிபெயர்க்கக்கூடக் கூப்பிடவில்லை. தச்சர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வர இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. கட்டர் நெடுநாள் நின்றது.

வடகிழக்குக் காற்று ஓய்ந்து கடல் தணிந்த மாதத்தில், ஓய்வு பெற்ற கையோடு ஐயாவும், லீவு போட்டுக்கொண்டு மிஸ்ஸியும் முதல் பயணம் புறப்பட்டார்கள். ஆற்றுமுகத்தைக் கடந்து, கிழக்குக் கரை நெடுக வடக்கே போய், மெர்சிங்குக்கு எதிரே இருக்கும் திங்கித் தீவு வரை. இத்தனை நாளில் திரும்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நாள் வந்தது, போயிற்று. அடுத்த நாளும் போயிற்று. தவுக்கே சாயங்காலம் தோறும் துறையின் முனைக்கு நடந்துபோய்க் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன பார்க்கிறீர்கள் என்றால் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கிறேன் என்பார். தண்ணீர் ஏறுவதை அவர் பட்டறைக்குள்ளிருந்தே பார்க்கலாம்.

அந்தப் படகை அவர்களுக்குக் காட்டியவன் நான். துறைமுகத்து அலுவலகத்தில் போய்ச் சொல்லிவைத்தேன். மீனவர்களிடம் விசாரித்தேன். யாரும் பச்சைப் படகைப் பார்க்கவில்லை. நான் விற்றதெல்லாம் பலகையும் பாயும்தான் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. இந்த வேலையில் நீங்கள் இருக்கும்வரை இப்படிச் சில நாட்கள் உங்களுக்கும் வரும். அதைத் தவிர்க்க வழி எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு பிற்பகலில், ஏற்றுநீரோடு, அது வந்தது. முன்பாயும் பின்பாயும் மட்டும்தான் மேலே இருந்தன. பெரிய பாய் சுருட்டிக் கட்டிக் கிடந்தது. சுக்கானில் மிஸ்ஸி மட்டும் உட்கார்ந்திருந்தார். வேறு ஒரு தலையும் தெரியவில்லை. என் பக்கத்தில் தவுக்கே நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மிஸ்ஸி படகைத் துறையோடு ஒட்டவைத்தார். ஒரு சத்தமும் இல்லை, முட்டையை மேசையில் வைப்பது போல. நான் கயிற்றை வாங்கிக் கட்டினேன். "ஐயா எங்கம்மா?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கார். நடக்க முடியாது."

திங்கித் தீவில் இறங்கிக் குளிக்கும்போது, பாறையிடுக்கில் இருக்கும் கடல் முள்ளெலி என்கிற கறுப்பு முள்ளுருண்டை ஒன்றின் மேல் ஐயா முழு எடையோடு காலை வைத்துவிட்டார். முள்ளையெல்லாம் மிஸ்ஸி ஊசியால் எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார். காலை ஊன்ற முடியாத மனிதரால் பெரிய பாயை ஏற்ற முடியாது. தனியாக ஏற்ற மிஸ்ஸியும் துணியவில்லை. அதனால் சின்னப் பாய் இரண்டையும் வைத்துக்கொண்டே திரும்புவது என்று அவர் முடிவு செய்தார். தெற்கே வர எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் அந்தப் படகு அப்படி ஏறாது என்று தெரிந்ததால் காற்றோடு சண்டை போடவில்லை. காற்று ஒத்துவந்தபோது நகர்ந்தார், ஒத்துவராதபோது ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தார். நங்கூரக் கயிற்றை ஐயா உட்கார்ந்தபடியே இழுத்துக் கொடுத்தார். அப்படி ஒவ்வொரு குடாவாகத் தொட்டுத் தொட்டு வந்ததில்தான் இத்தனை தாமதம். இதையெல்லாம் மிஸ்ஸி கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

தவுக்கே படகுக்குள் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளே பலகை மேல், கட்டுப் போட்ட காலை ஒரு தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஐயா உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மூக்குத்தோல் வெயிலில் உரிந்திருந்தது. மடியில் பெரிய தாள் ஒன்று. வழியில் நின்ற குடாக்களையெல்லாம் அதில் வரைந்துகொண்டிருந்தார். எங்கே ஆழம், எங்கே சேறு, எந்தக் காற்றுக்கு எந்த இடத்தில் மறைவு, எல்லாம். நாங்கள் குனிந்ததில் வெளிச்சம் மறைந்ததும் எரிச்சலோடு நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் அந்த எரிச்சல் போய்விட்டது.

"தம்பி, நல்லவேளை வந்தீங்க. தியோமான் தீவுக்கு அப்புறம் வடக்கே என்ன இருக்கு?"

"தண்ணிதான் ஐயா" என்றேன். "ரொம்ப தூரம் போனா சீனா."

அவர் தாளின் மேல் ஓரத்தைப் பார்த்தார். இன்னொரு தாள் ஒட்ட வேண்டியிருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்னாலிருந்து மிஸ்ஸியின் குரல் வந்தது.

"சீனாவுக்கு அப்புறம் போலாம். முதல்ல ஆஸ்பத்திரி. தம்பி, அவர் கையைப் பிடிங்க."